முருகேசன் செத்ததற்குச் சொன்ன காரணங்கள்

மலேசியாவின் ஈப்போவில் இருபத்தெட்டு வருடமாகச் சவ வண்டி ஓட்டுகிறேன். மனிதன் ஏன் சாகிறான் என்பதற்கு வாரத்துக்கு நாலு விளக்கமாவது காதில் விழுந்துவிடும். சீனர் வீட்டில் ஒன்று, மாதா கோயிலில் ஒன்று, நம் ஆட்கள் வீட்டில் ஆளுக்கு ஒன்று. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தலையாட்டுவேன். பின்னால் படுத்திருப்பவர் மட்டும் இதுவரை ஒரு விளக்கமும் கேட்டதில்லை.

தை பிறந்த கையோடு எம். புதுப்பட்டியிலிருந்து முத்தம்மா அக்கா போன் செய்தாள்.

"தம்பி, வெள்ளிக்கிழம நீ இங்கன இருக்கணும். செல்விக்கு நீதான் தண்ணி ஊத்தணுமாம். தாய்மாமன் இல்லாமச் செல்லாதுன்னு கோடாங்கி சொல்லிட்டாரு."

செல்வி அக்காவின் ஒரே மகள். நாற்பது வயது. அவளும் அவள் புருஷன் முருகேசனும் ஒரே பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்தார்கள். போன ஆடியில் அங்கே ஒரு அறை வெடித்தது. முருகேசனும் வேறு இரண்டு பேரும் போய்விட்டார்கள். இன்னொருவர் பல மாதம் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தார். அப்போது எனக்கு லீவு கிடைக்கவில்லை. ஊரார் பிணங்களை எல்லாம் ஏற்றி இறக்கியவன், அக்கா மருமகனின் முகத்தைப் பார்க்கப் போகவில்லை. பார்க்க முகம் இல்லை என்று அக்கா சொன்னது எனக்குச் சௌகரியமாகப் போயிற்று.

சீல் வைத்த கம்பெனியை இப்போது திறக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் உடுக்கை அடித்துக் குறி சொல்கிற கோடாங்கியை வரவழைத்துக் கேட்டிருக்கிறார்கள். தீட்டோடு ஒரு பெண் வாசல் தாண்டினாள், அதனால்தான் சாமி அடித்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். புருஷன் செத்த இடத்தில் அவள் மட்டும் பிழைத்து வந்ததை ஆறு மாதமாகவே சந்தேகமாகப் பார்த்த ஊர், அந்தப் பெண் செல்விதான் என்று முடிவு செய்துவிட்டது. அவள் கம்பெனிச் சாமி முன்னால் நின்று ஒப்புக்கொள்ள வேண்டும். தாய்மாமன் மஞ்சள் தண்ணீர் ஊற்றித் தீட்டைக் கழிக்க வேண்டும்.

போனில் கத்தினேன். என்ன காலம் இது, என்ன ஜனங்கள் நீங்கள் என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, டிக்கெட்டப் போடு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் விருதுநகரில் இறங்கியபோது பசி கண்ணை அடைத்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் பொரித்த பரோட்டா. எண்ணெயில் முங்கி எழுந்த மொறுமொறுப்பைப் பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை வழிய வழிய ஊற்றினார்கள். எங்கள் ஊர் ரொட்டி சானாய் இதற்குப் பக்கத்தில் நிற்காது. நாலு தின்றேன். துக்கத்துக்கு வந்தவன் இப்படித் தின்னலாமா என்று ஒரு எண்ணம் வந்தது. எங்கள் தொழிலில் அந்த எண்ணத்துக்கு இடம் கொடுத்தால் பட்டினிதான்.

சிவகாசி பஸ் திருத்தங்கலுக்கு முன்னால் டயர் பஞ்சராகி நின்றது. கருவேல மரத்தடியில் நிழல் மாதிரி ஏதோ இருந்த இடத்தில் எல்லாரும் ஒதுங்கினோம். பக்கத்தில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மா, தோளில் வேதப்புத்தகப் பை. விஸ்வநத்தத்தில் ஜெபக் கூட்டம் நடத்துகிறவராம். பையிலிருந்து காரச்சேவுப் பொட்டலத்தை எடுத்துப் பாதியை என் கையில் கொட்டினார். எதற்கு வந்தேன் என்று கேட்டார், சொன்னேன்.

"ஆண்டவர் மனுசனச் சாகுறதுக்குப் படைக்கலைங்கண்ணே" என்றார். "மண்ண எடுத்து உருவம் செஞ்சு மூச்ச ஊதுனாரு. நல்லாத்தான் இருந்தான். ஒரு பழத்தத் தின்னு கெடுத்துக்கிட்டான்."

"மொதல்ல தின்னது யாரு?"

"பொம்பளதான்."

"அங்கயும் பொம்பளதானா?"

அவர் சிரிக்கவில்லை. "உங்க அக்கா மக பொழச்சது ஆண்டவரோட கிருபை. அத மறந்துராதீக."

"செத்த மூணு பேருக்குக் கிருபை இல்லையா?"

அவர் மிச்சமிருந்த பொட்டலத்தையும் என்னிடமே கொடுத்துவிட்டார். நல்ல மனுஷி. என் கேள்விக்கு அதைவிட நல்ல பதில் அவரிடம் இல்லை என்று நினைக்கிறேன்.

அடுத்த பஸ்ஸும் மினிபஸ்ஸும் பிடித்து எம். புதுப்பட்டி போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வழியெல்லாம் முள்கம்பி வேலி. வேலிக்குள்ளே தள்ளித் தள்ளி ஒற்றை ஒற்றை அறைகள். ஒன்று வெடித்தால் அடுத்தது பற்றக் கூடாது என்று அப்படிக் கட்டுகிறார்கள். எங்கள் ஈப்போவில் சீனர் கல்லறைகள் மலைச்சரிவில் இதே மாதிரி இடைவெளி விட்டுத்தான் இருக்கும். அங்கே ஒரு கல்லறைக்கு ஒரு ஆள்தான்.

"வாங்க மாமா. சாப்பிட்டீகளா?" என்று செல்வி உள்ளேயிருந்தே கேட்டாள். வாசலுக்கு வரவில்லை. ஏன் என்று மறுநாள் காலையில் தெரிந்தது. தெருக்குழாயில் அவள் குடத்தை வைத்ததும் மற்ற பெண்கள் தங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தள்ளி நின்றார்கள். யாரும் ஏசவில்லை. தூக்கினார்கள், தள்ளி நின்றார்கள், அவள் பிடித்து முடித்ததும் குழாயைக் கழுவிவிட்டு வைத்தார்கள். ஆறு மாதமாக இப்படித்தானாம். வேறு கம்பெனியிலும் சேர்க்கவில்லை. இவள் போனால் அங்கேயும் வெடிக்கும் என்று மற்றவர்கள் பயப்படுகிறார்கள்.

அக்கா எனக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றிக்கொண்டே தன் விளக்கத்தைச் சொன்னாள்.

"எல்லாம் தலையெழுத்து தம்பி. மண்டையில எழுதித்தான அனுப்புறான் பிரம்மா. அத அழிக்க நம்மால ஆகுமா?"

அந்த எழுத்தை நான் பார்த்திருக்கிறேன். சீனர்கள் எரித்த எலும்பைக் குச்சியால் பொறுக்கிச் சாடியில் போடுவார்கள். வீட்டார் தயங்கினால் நான்தான் எடுத்துக் கொடுப்பேன். மண்டையோட்டில் வளைந்து வளைந்து ஒரு கோடு ஓடும், கிழிந்த சாக்கைத் தைத்த மாதிரி. ஈயச் சுரங்க முதலாளி மண்டையிலும் அதே கோடு, ரப்பர் பால் வெட்டினவன் மண்டையிலும் அதே கோடு. பிரம்மா உட்கார்ந்து எழுதியிருந்தால் எல்லாருக்கும் ஒரே வரியைத்தான் எழுதியிருக்கிறான்.

இதை அக்காவிடம் சொன்னேன்.

"ஏலே, பொணத்தத் தொட்டுத் தொட்டு உன் வாயும் பொணமாப் போச்சு" என்று இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

மத்தியானம் பின்பக்கம் துவைகல்லில் துணி அலசிக்கொண்டே செல்வி நடந்ததைச் சொன்னாள். நான் கேட்கவில்லை. அவளே ஆரம்பித்தாள்.

வெடிமருந்து அறை ஒன்றுக்கு நாலு பேர்தான் இருக்கலாம். கதவிலேயே எழுதியிருக்கும். செருப்போடு உள்ளே போகக் கூடாது. அடியில் ஒட்டிய ஒரு பொடிக்கல் தரையில் உரசினால் போதும். அதனால் எல்லாரும் அறைக்கு எதிரே வேப்பமரத்தடியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் போவார்கள்.

"செருப்ப எண்ணுனாலே உள்ள எம்புட்டுப் பேருன்னு தெரிஞ்சுபோவும் மாமா. அன்னைக்கு ஆறு சோடி. ஆர்டர் அவசரம்னு போர்மேன் என்னையும் தங்கத்தையும் கூடுதலா உக்கார வச்சாரு."

தங்கம் பத்தொன்பது வயதுப் பெண், இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். காகிதக் குழாய் தீர்ந்துபோனதால் எடுத்துவர இரண்டு பேரும் செருப்புப் போடாமலே வெளியே வந்திருக்கிறார்கள். நூறடி போயிருப்பார்கள். முதுகில் யாரோ கதவைச் சாத்திய மாதிரி இருந்ததாம். திரும்பிப் பார்த்தபோது அறை இல்லை.

"பயர் இஞ்சின் வர்றதுக்குள்ள போர்மேன் சாக்கோட வந்துட்டாரு மாமா. நான் அவுகளத் தேடிக்கிட்டுக் கெடக்கேன், அவரு மரத்தடியில செருப்பத் தேடிக்கிட்டுக் கெடக்காரு. செதறிக் கெடந்தத ஒண்ணு சேத்து, நாலு சோடிய அங்கன வச்சுட்டு, என்னோடதையும் தங்கத்தோடதையும் சாக்குல போட்டுக் கொண்டுபோயிட்டாரு. அன்னைக்கு வெறுங்காலோடதான் ஆம்புலன்ஸ் பின்னால ஓடுனேன்."

துணியைப் பிழிந்து வாளியில் போட்டாள்.

"ஆபீசரு எழுதிட்டுப் போன பேப்பர்ல நான் அந்த ரூம்லயே இல்ல. பேக்கிங்ல இருந்தேனாம். சாமிகிட்ட மட்டும் நான் ரூம்ல இருந்திருக்கேன்."

ஊற்ற மாட்டேன், ஈப்போவுக்கு என்கூட வந்துவிடு என்றேன். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, இங்கே உனக்கு யார் இருக்கிறார்கள் என்றேன். அவள் அதைக் காதில் வாங்காமல் அடுத்த துணியை எடுத்தாள்.

"இன்னொண்ணு மாமா. எனக்கு ஏது தீட்டு? கர்ப்பப்பைய எடுத்து ரெண்டு வருசமாச்சு. அப்பண்டிஸ் ஆபரேசன்னு ஊருக்குச் சொன்னோம். அம்மாவுக்கும் அவுகளுக்கும் மட்டுந்தான் தெரியும்."

அவள் பெரிய மனுஷி ஆனபோது முதல் தண்ணீர் ஊற்றியவன் நான். தாய்மாமன் சீர் கொண்டுவந்து, வாசலில் பலகை போட்டு, அவளுக்குக் கூச்சம் தாங்காமல் அழுகை. அடுத்த மாதம் நான் மலேசியா போனேன். இப்போது அதே உடம்புக்கு, இல்லாத ஒன்றைக் கழுவ, அதே மாமன் வர வேண்டுமாம்.

அக்காவிடம் போய்க் குதித்தேன். உனக்குத் தெரிந்தும் எப்படி சம்மதித்தாய் என்றேன். "சாமி சொன்னா ஏதாச்சும் இருக்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செல்வி கதவருகே வந்து நின்று, "யார்கிட்டயும் சொல்லாதீக மாமா. ஊத்திட்டுப் போங்க, போதும்" என்றாள். ஏன் என்று கேட்டேன். துவைத்த துணியை எடுத்துக்கொண்டு கொடிப் பக்கம் போய்விட்டாள்.

வியாழக்கிழமை சிவகாசிக்குப் போய் முதலாளியைப் பார்த்தேன். கீழே அச்சகம், மாடியில் ஆபீஸ். சுவர் முழுக்க மாதிரிக் காலண்டர்கள். எல்லாக் கடவுள்களும் வரிசையாகத் தொங்கினார்கள், ஆளுக்குக் கீழே ஒரு தேதிக் கட்டு. மனிதர் என் வயதுதான். எழுந்து வந்து உட்கார வைத்தார். "மலேசியாவுல இருந்து வந்திருக்கீக, காபி குடிக்காமப் போகக் கூடாது" என்றார். நல்ல காபி. ஈப்போக் காபிக்கு இருக்கிற பேர் இதற்கு இருந்திருக்கலாம்.

"மூணு பேரும் எங்க வீட்டுப் பிள்ளைக மாதிரி" என்றார். "நான் தூங்கி எம்புட்டு நாளாச்சுங்கிறீக. ஆனா ஒண்ணு. ஒவ்வொரு உசுருக்கும் ஆண்டவன் திரிய அளந்து வச்சுத்தான் அனுப்புறான். மூணு இஞ்சுன்னா மூணு இஞ்சுதான். எரிஞ்சு முடிஞ்சா முடிஞ்சதுதான். கூட்டவும் நம்மால ஆகாது, கொறைக்கவும் ஆகாது."

தொழிலை வைத்துச் சொன்னாலும் அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. பொய் சொல்கிற ஆளாக இருந்தால் எனக்குக் கோபப்படச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அதை நம்புகிறார். மனிதனை இத்தனை இஞ்ச் திரியோடு செய்து அனுப்பிய ஒரு பெரிய கம்பெனி மேலே இருக்கிறது, தான் அதற்கு இங்கே ஒரு ஏஜென்ட் என்பது மாதிரி நம்புகிறார்.

அந்தத் திரியை நறுக்குகிற கத்தரி யார் கையில் இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். நாலு பேர் அறையில் ஆறு பேரை வைத்தது எந்த ஆண்டவன் என்று கேட்க நினைத்தேன். "ஆமாங்கண்ணாச்சி" என்று சொன்னேன். வண்டி ஓட்டி வந்த பழக்கம், எந்த விளக்கத்துக்கும் தலை தானாக ஆடிவிடுகிறது.

"தண்ணி ஊத்துற விசயத்துல எனக்கு ஒண்ணுமில்லைங்க" என்றார் அவர். "ஆளுகதான் பயப்படுறாக. சாமி காரியம் முடிஞ்சாத்தான் உள்ள கால் வைப்போம்ங்கிறாக." அதுவும் உண்மைதான். எழுந்தபோது ஒரு காலண்டரைச் சுருட்டிக் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே கசப்பாக இருக்கிறது.

திரும்பிய மினிபஸ்ஸில் ஆலங்குளம் சிமெண்ட் மூட்டை இரண்டுக்கும் எனக்கும் ஒரே சீட். வேட்டியெல்லாம் சாம்பல் நிறம். வீட்டு வாசலில் தங்கம் நின்றுகொண்டிருந்தாள். கையில் மூடிய தூக்குச்சட்டி.

"இங்கன ஏண்டி வந்த? போ" என்று செல்வி உள்ளேயிருந்து விரட்டினாள். "உன் மாமியா வீட்டாளுக காதுல விழுந்தா என்ன ஆவும்? போடி."

அந்தப் பெண் தூக்குச்சட்டியை வாசலில் வைத்துவிட்டு அழுதுகொண்டே போனாள். பங்குனியில் அவளுக்குக் கல்யாணம். சட்டியில் பருப்புச் சாதம் இருந்தது. செல்வி அதைத் தட்டில் கொட்டி எனக்கும் போட்டு, தானும் சாப்பிட உட்கார்ந்தாள். இரண்டு கவளம் தின்ற பிறகு சொன்னாள்.

"அன்னைக்கு அந்தப் பிள்ளைக்குத்தான் மாமா."

தீட்டைச் சொல்கிறாள் என்று எனக்கு உடனே விளங்கவில்லை.

"காலையில வேன்ல வரும்போது எங்கிட்டதான் சொல்லுச்சு. வீட்டுக்குப் போறேன்னுச்சு. சீசன் நேரம், ஒருநா லீவு போட்டாப் போர்மேன் கத்துவாரேன்னு நாந்தான், யார்கிட்டயும் சொல்லாம வாடின்னு கூட்டிட்டுப் போனேன்."

"அதுக்கும் வெடிச்சதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"ஒண்ணுமில்லைன்னு எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா? எனக்குக் கர்ப்பப்பை இல்லன்னு நான் சொல்லிட்டேன்னு வைங்க. அடுத்து எங்க தேடுவாக? உசுரோட வெளிய வந்த பொம்பள ரெண்டே பேரு. அந்தப் பிள்ளைக்குப் பங்குனியில தாலி ஏறணும் மாமா."

சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"எனக்கு இனிமே ஏற ஒண்ணுமில்ல. ஊத்துங்க."

இதை எழுதலாமா என்று பிறகு அவளிடம் போனில் கேட்டேன். அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, எல்லார் பேரையும் மாற்றிவிட்டு எழுதுங்கள் என்றாள். மாற்றியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கம்பெனி வாசலில் செல்போனையும் தீப்பெட்டியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வாட்ச்மேன் என் சட்டைப்பையை இரண்டு முறை தடவினார். இரண்டு நிமிடம் கழித்துக் கேட்டை ஒட்டிய சாமி மேடையில் கைப்பிடியளவு கற்பூரத்தைக் கொளுத்தினார்கள். சாமி நெருப்புக்கு மட்டும் சோதனை கிடையாது போலிருக்கிறது. முதலாளி கைகூப்பி நின்றார். பால்பாண்டி என்ற அந்தப் போர்மேன் கூட்டத்தை ஒழுங்குபடுத்தினார். குட்டையான, சுறுசுறுப்பான ஆள். என்னிடம் வந்து, "வாங்க அண்ணாச்சி, பயணமெல்லாம் சௌகரியமா?" என்று கேட்டார்.

கோடாங்கி உடுக்கையை அடித்து அடித்து வேகம் ஏற்றினார். வேர்வை வழிய, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"வாசப்படி தாண்டுன பொம்பள யாரு?"

கூட்டம் செல்வியைப் பார்த்தது. நான் தங்கத்தைப் பார்த்துவிட்டேன். பார்த்திருக்கக் கூடாது. நல்லவேளை, யாரும் என் கண்ணைக் கவனிக்கவில்லை.

"நான்தான் சாமி" என்றாள் செல்வி. குரல் பிசகவில்லை.

"தீட்டோட தாண்டுனியா?"

"ஆமா சாமி. தெரிஞ்சேதான் தாண்டுனேன். தப்பு என்மேலதான்."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு ஓடியது. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று பேர் செத்ததற்கு ஆறு மாதமாகத் தேடிய காரணம் கிடைத்துவிட்டது, அது அவர்கள் யாருடைய வீட்டிலும் இல்லை. குடத்தை என் கையில் கொடுத்தார்கள். அவளை உட்கார வைத்திருந்த பலகை, வேப்பிலை, மஞ்சள் வாசனை எல்லாம் அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. நான் ஊற்றினேன். ஊற்றாமல் குடத்தைப் போட்டு உடைத்துவிட்டு வந்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஊற்றினேன். அவள் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். மஞ்சள் தண்ணீர் என் காலடி வரை ஓடி வந்தது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நல்ல நேரம் முடிவதற்குள் வேலையைத் தொடங்க வேண்டும் என்று பால்பாண்டி பெயர்களைக் கூப்பிட்டார். புதிதாகக் கட்டிய அறை, புது வெள்ளை, கதவில் புது எழுத்தில் நாலு பேர் என்ற அறிவிப்பு. எதிரே அதே வேப்பமரம். ஒரு பக்கம் கருகி, மறு பக்கம் துளிர்த்திருந்தது. ஆட்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு உள்ளே போனார்கள்.

"திங்கக்கிழமையில இருந்து நீயும் வரலாம்மா" என்று பால்பாண்டி செல்வியிடம் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

செல்வி ஈரச் சேலையோடு வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு அசைவதைப் பார்த்துத்தான் நானும் எண்ணத் தொடங்கினேன். ஆறு ஜோடி.

அவள் நடந்து போனாள். குனிந்து ஒரு ஜோடியை எடுத்தாள், இன்னொரு ஜோடியை எடுத்தாள். இரண்டையும் தட்டிப் புழுதி போக்கி, மஞ்சள் சொட்டச் சொட்டத் திரும்பி வந்து பால்பாண்டியின் கையில் வைத்தாள்.

"இத இப்பவே எடுத்து ஒளிச்சு வச்சிருங்கண்ணாச்சி" என்றாள். "அன்னைக்கு மாதிரி சாக்கத் தூக்கிட்டு ஓடி வர வேண்டாம்."

முதலாளி காரில் ஏறப் போனவர் நின்றுவிட்டார். கோடாங்கி உடுக்கையைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். பால்பாண்டி செருப்புகளைக் கையில் வைத்துக்கொண்டே அறைப் பக்கம் திரும்பி, ரெண்டு பேர் வெளிய வாங்க என்று கத்தினார். இரண்டு பெண்கள் வந்தார்கள். அவர் கையிலிருந்து செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். என்ன தப்புச் செய்தோம் என்று அவர்களுக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை நான் விமானம் ஏறிவிட்டேன். திங்கட்கிழமை அந்த மரத்தடியில் எத்தனை ஜோடி கிடந்தது என்று எனக்குத் தெரியாது.